லேத் மாறலாம், கணக்கு மாறாது!

வில்லியனூர், பாகூர் பக்கமிருந்து பஸ் பிடித்துப் பட்டறை வேலைக்குப் போகிறவர்கள் நம்மில் உண்டு. "நாம படிச்சது சாதா லேத்து, அங்க இருக்கறது சி.என்.சி. தாக்குப் பிடிப்போமா?" என்பதே அவர்கள் கவலை.

எண்களால் இயங்கும் மில்லிங் இயந்திரத்தை அமெரிக்காவின் எம்.ஐ.டி. 1952-ல் இயக்கிக் காட்டியது. அன்று மாறியது கைப்பிடிதான்; வெட்டும் விதி மாறவில்லை. 50 மி.மீ. விட்டமுள்ள ஜாப், நிமிடத்துக்கு 500 சுற்று. விட்டம், சுற்று, 3.14 மூன்றையும் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் வெட்டு வேகம் நிமிடத்துக்கு 78.5 மீட்டர். இரண்டு இயந்திரத்துக்கும் இதே கணக்குதான்.

ஆனால் கவனம் சிதறக் கூடாது. ஜி01 என்றால் நாம் கொடுத்த வேகத்தில் டூல் வெட்டிக்கொண்டு போகும். ஜி00 என்றால் முழு வேகத்தில் பாயும். ஓர் எண் மாறினால் டூல் ஜாபில் மோதி உடையும்; கண்ணுக்கும் ஆபத்து. எனவே புது புரோகிராமை முதலில் ஜாப் மாட்டாமல் ஓட்டிப் பாருங்கள். பிறகு சிங்கிள் பிளாக்கில் வரி வரியாக நகர்த்துங்கள். அதுவரை செல்போன் பையிலேயே கிடக்கட்டும். அலாரம் வந்தால் அதன் எண்ணையும் காரணத்தையும் நோட்டில் குறிச்சு வையுங்க. நாளைக்கு அதுவே உங்க சொந்தப் பாடநூல்!

மெஷினைக் கண்டு பயம் வேண்டாம். மரியாதை இருந்தால் போதும்.