கைவிடப்பட்ட கூஸ் வாத்துக்கு ஏற்ற இடம் எது?

காவலுக்கும் அழகுக்கும் கூஸ் வாத்து வாங்குவோர் உண்டு. அது வளர்ந்து, இரவில் சிறு அரவத்துக்கும் கத்தத் தொடங்கியதும், அக்கம்பக்கத்தாரின் புகாருக்குப் பயந்து ஏரிக்கரையில் விட்டுவிடுகிறார்கள். உடல் கனத்த இந்த வளர்ப்புப் பறவையால் பறந்து தப்ப முடியாது, தெருநாய்களுக்கு இரையாகிவிடும். வளர்ப்புப் பிராணியைத் தக்க காரணமின்றிக் கைவிடுவது 1960-ம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். மீட்ட வாத்தைத் தத்து கொடுப்பவர்கள் கவனிக்க வேண்டியவை:

முதலில் தண்ணீர்

பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி தோல் பதனிடும் பகுதி. ஆலைக் கழிவுநீர் பாலாற்றுப் படுகையைக் கெடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்பளித்தது. உப்பேறிய கிணறுகள் இங்கு இன்றும் உண்டு. குடிநீரில் டி.டி.எஸ். எனப்படும் கரைந்த உப்பு லிட்டருக்கு 1,000 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. 3,000-ஐத் தாண்டினால் எச்சம் நீர்த்துப்போகும்; வளர்ச்சி குன்றும். உப்பு குறைவாக இருந்தாலும், ஆலைக்கு அருகிலுள்ள கிணறு என்றால் குரோமியத்துக்குத் தனியாகப் பரிசோதிக்கவும்.

தோப்பே சிறந்தது

கூஸ் வாத்தின் முக்கிய தீனி புல். அறுகு, கோரையை விரும்பி மேயும். அமெரிக்காவில் பருத்தி வயலில் களையெடுக்கவே இதை விட்டார்கள். எனவே வளர்ந்த மாந்தோப்பு, தென்னந்தோப்பு வைத்திருப்போருக்குக் கொடுக்கலாம். நெல், சோள நாற்று, கீரைப் பாத்தி உள்ள இடம் வேண்டாம், மிச்சம் வைக்காது. இளங்கன்றுகளின் பட்டையையும் கொத்தும். களைக்கொல்லி தெளிக்கும் தோட்டம் கூடவே கூடாது.

ஜோடியைப் பிரிக்காதீர்கள்

இவை துணையோடு ஒட்டி வாழ்பவை. ஒற்றை வாத்தை, ஏற்கெனவே கூஸ் வளர்ப்பவரிடம் சேர்ப்பது நல்லது. 20 ஆண்டுகள் வரை வாழும் என்பதைச் சொல்லியே கொடுக்கவும். நெருக்கமான தெருவில் இருப்பவர்களுக்கு இது ஒத்துவராது. குளம் கட்டாயமில்லை, தலையை முழுதாக நனைக்கும் ஆழமுள்ள தொட்டி போதும். இரவில் நாய், கீரி நுழையாத, தரை ஈரமில்லாத கொட்டகை அவசியம்.

கொடுக்கும் முன்

மீட்ட பறவையை 3 வாரம் தனியே வைத்து, கால்நடை மருத்துவரிடம் காட்டவும். வாத்து பிளேக் தடுப்பூசி பற்றியும் கேளுங்கள். தத்து எடுப்பவரின் தோட்டத்தை நேரில் பார்க்கவும். கறிக்கு விற்பதில்லை, வளர்க்க முடியாவிட்டால் திருப்பித் தருவேன் என்று எழுதி வாங்குவது நல்லது. புது இடத்தில் முதல் வாரம் அடைத்துவைத்துத் தீனி கொடுத்துப் பழக்கிய பிறகே மேய விடவும். தண்ணீர், தீவனம் குறித்து விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் ஆலோசனை கேட்கலாம்.