பாப்கார்ன் ஏன் டிக்கெட்டை விட விலை ஜாஸ்தி?

போன எபிசோடுக்கு வந்த வாய்ஸ் நோட்ல ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அண்ணா, டிக்கெட்டை விட பாப்கார்ன் விலை அதிகமா இருக்கே, இது பகல் கொள்ளை இல்லையா?" நியாயமான கேள்விதான். ஆனா இதுக்குப் பதில் சொல்லணும்னா பாப்கார்ன் மெஷின்ல இருந்து ஆரம்பிக்க முடியாது. டிக்கெட்ல இருந்துதான் ஆரம்பிக்கணும். அதனால இன்னைக்கு சென்னையில ஒரு சினிமா டிக்கெட்டோட காசு எங்கெங்கே போகுதுன்னு பார்த்துடலாம். முடிக்கும்போது, உங்க ஏரியா தியேட்டரை ஏன் மூடினாங்கன்னும் புரிஞ்சிடும்.

டிக்கெட்டை உடைச்சுப் பார்க்கலாம்

தமிழ்நாட்டில் தியேட்டர்காரர் இஷ்டத்துக்கு விலை வைக்க முடியாது. அரசாங்கம் உச்சவரம்பு வைத்திருக்கிறது. 2017-ல் வந்த உத்தரவுப்படி, ஏசி மல்டிபிளெக்ஸ்ல அதிகபட்சம் 150 ரூபாய், வரி தனி. பெங்களூர்லயோ மும்பையிலயோ இருக்கிற நண்பர்கள் வார இறுதி டிக்கெட் விலையைச் சொல்லும்போது நமக்குத் தலை சுத்துறதுக்குக் காரணம் இதுதான்.

இந்த 150 மேல ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அதாவது 27 ரூபாய். அப்புறம் உள்ளாட்சி கேளிக்கை வரி. தமிழ்ப் படங்களுக்கு அது 8 சதவீதமா இருந்தது, 2025-ல் 4 ஆகக் குறைச்சாங்க. அது ஒரு 6 ரூபாய். மொத்தம் 183. ஆப்ல புக் பண்ணினா ஒரு டிக்கெட்டுக்கு முப்பது ரூபாய்க்கு மேல சேவைக் கட்டணம். அதில் தியேட்டர் டிக்கெட் கணக்குக்கோ, படம் எடுத்தவங்களுக்கோ ஒண்ணும் போகாது.

சரி, வரி போக மிச்சம் 150. இது தியேட்டருக்கா? இல்லை. இங்கேதான் விஷயமே இருக்கு.

வாரம் ஏற ஏற பங்கு மாறும்

தியேட்டரும் விநியோகஸ்தரும் இந்தக் காசைச் சதவீதக் கணக்கில் பிரிச்சுக்குவாங்க. முதல் வாரம் பெரும்பங்கு விநியோகஸ்தருக்கு. அடுத்தடுத்த வாரங்கள்ல அவர் பங்கு குறையும், தியேட்டர் பங்கு ஏறும். பெரிய ஹீரோ படம்னா முதல் வாரம் 70 சதவீதம், அதுக்கு மேலயும் கேட்பாங்க. 2023-ல் 'லியோ' வந்தப்போ 80 சதவீதம் கேட்கிறாங்கன்னு தியேட்டர் உரிமையாளர்கள் வெளிப்படையாகவே வருத்தப்பட்டாங்க.

70 சதவீதம்னே வச்சுக்குவோம். 150-ல் 105 அந்தப் பக்கம் போயிடும். தியேட்டருக்கு 45. இதில்தான் ஏசி, கரண்ட் பில், சம்பளம், ப்ரொஜெக்டர், பராமரிப்பு எல்லாம்.

இந்தக் கணக்கு ஒரு காலத்தில் நல்லா வேலை செஞ்சது. ஏன்னா படம் நிறைய நாள் ஓடும். முதல் வாரம் விநியோகஸ்தர் சம்பாதிப்பார், நாலாவது அஞ்சாவது வாரம் தியேட்டர்காரர் சம்பாதிப்பார். அண்ணா சாலையில் ஓடி முடிச்ச படம் அப்புறமா பேட்டைத் தியேட்டருக்கு வரும், அங்கே டிக்கெட் இன்னும் மலிவா இருக்கும். நூறாவது நாள் போஸ்டர்னா ஹீரோவுக்கு கௌரவம், தியேட்டர்காரருக்கு வருமானம்.

இப்போ ஒரு பெரிய படம் ஒரே நாளில் ஊர் முழுக்க எல்லா ஸ்கிரீன்லயும் இறங்குது. வெள்ளி, சனி, ஞாயிறு மூணு நாள்ல கூட்டம் தீர்ந்துடுது. நாலு வாரத்தில் ஓ.டி.டி.யில் வந்துடும்னு எல்லோருக்கும் தெரியும், அதனால இரண்டாவது வாரத்துக்கு ஆளே இல்லை. கவனிங்க: தியேட்டருக்கு லாபம் வர்ற வாரம் எதுவோ, அந்த வாரமே காணாமப் போயிடுச்சு. ஓ.டி.டி. இடைவெளியை எட்டு வாரமா ஆக்குங்கன்னு தியேட்டர்காரங்க கேட்டுட்டே இருக்கிறது இதனாலதான்.

இப்போ பாப்கார்னுக்கு வருவோம். பாப்கார்ன் விற்ற காசில் விநியோகஸ்தருக்குப் பங்கு கிடையாது, டிக்கெட் மாதிரி உச்சவரம்பும் கிடையாது. டிக்கெட்டில் கிடைக்காததை அங்கே எடுக்கிறாங்க. கொள்ளையான்னா, விலையைப் பார்த்தா எனக்கும் வயிறு எரியத்தான் செய்யுது. ஆனா தியேட்டரை ஓட்டுறதே இப்போ அந்தக் கவுன்ட்டர்தான்.

பாப்கார்ன் விற்க முடியாத தியேட்டர் என்ன ஆகும்?

அதுதான் மூடுது. அறுபது எழுபது ரூபாய் டிக்கெட்டுக்கு வர்ற ஆள்கிட்ட இருநூறு ரூபாய்க்குப் பாப்கார்ன் விற்க முடியுமா? ஆயிரம் சீட் இருக்கிற ஹாலில் செவ்வாய்க்கிழமை மதியம் முப்பது பேர் உட்கார்ந்திருந்தா ஏசிக்கே கட்டுப்படியாகாது. கீழே இருக்கிற நிலமோ கோடிக்கணக்கில் போகும். உரிமையாளர் என்ன முடிவெடுப்பார்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

1961-ல் திறந்த சாந்தி 2016-ல் மூடினாங்க. தண்டையார்பேட்டை அகஸ்தியா 2020-ல் போச்சு. அசோக் பில்லர் பக்கம் பஸ் ஸ்டாப்புக்கே பேராக இருந்த உதயம் 2024-ல். அதுக்கும் முன்னாடி, 1964-ல் வந்த சஃபையர் வளாகம், ஒரே கட்டடத்தில் மூணு தியேட்டர். அதில் ப்ளூ டைமண்ட்ல தொடர் காட்சி: எப்போ வேணா உள்ளே போகலாம், எத்தனை தடவை வேணா உட்கார்ந்து பார்க்கலாம். வெயிலுக்கு ஒதுங்கப் போனவங்க, வேலை தேடி அலைஞ்ச நடுவில் தூங்கப் போனவங்கன்னு அந்தத் தலைமுறைகிட்ட நிறையக் கதை இருக்கும். 1994-ல் அதுவும் முடிஞ்சது.

பழைய கட்டடம் போச்சேன்னு ஏங்குறதுக்காக நான் இதைச் சொல்லலை. பல பழைய தியேட்டர்கள்ல சீட்டும் பாத்ரூமும் எப்படி இருந்ததுன்னு நமக்குத் தெரியும். என் கவலை வேற. முன்னாடி ஷிஃப்ட் முடிச்சுட்டு வர்ற ஒருத்தர், ஆப் இல்லாம, கார்டு இல்லாம, திட்டம் போடாம, கவுன்ட்டர்ல காசை நீட்டிப் படம் பார்க்க முடிஞ்சது. ராயப்பேட்டை சத்யம்ல கூட முன்வரிசையில் ரொம்ப வருஷம் பத்து ரூபாய் டிக்கெட் இருந்தது. காலேஜ் பசங்க காலையிலேயே வரிசையில் நிப்பாங்க. இன்னைக்கு ரெண்டு பேர் மால்ல போய்ப் படம் பார்த்து, ஏதாவது சாப்பிட்டு, வண்டியை பார்க்கிங்ல விட்டா ஆயிரம் ரூபாய் காலி. டெலிவரி ஓட்டுற ஒருத்தருக்கு அது ஒரு நாள் உழைப்பு. நம்ம ஊர்ல எல்லா வர்க்கமும் ஒரே இருட்டுல உட்கார்ந்து ஒரே காட்சிக்கு விசிலடிச்ச இடம் சினிமா தியேட்டர்தான். அந்த இருட்டு சுருங்கிட்டு வருது.

அப்போ ஜனம் தியேட்டருக்கு வர விரும்பலையா?

அப்படியும் சொல்ல முடியாது. 2024 ஏப்ரல்ல 'கில்லி' மறுபடி வந்தப்போ இருபது வருஷப் பழைய படத்துக்கு ஹவுஸ்ஃபுல் போர்டு மாட்டினாங்க. டிவியில் எத்தனையோ தடவை பார்த்த படம் அது. வடபழனி கமலாவில் ஐம்பது ரூபாய்க்கும் கீழே ரீ-ரிலீஸ் காட்சிகள் போட்டப்போவும் கூட்டம் வந்தது. விலை கைக்கு எட்டினா, கூட ஆடுறதுக்கு நாலு பேர் இருந்தா, ஜனம் வரும்.

அரசாங்கமும் கொஞ்சம் வழி விட்டிருக்கு. 2025 செப்டம்பர்ல இருந்து 100 ரூபாய் வரைக்குமான டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. 12-ல் இருந்து 5 சதவீதம் ஆச்சு. சின்னத் தியேட்டர்களுக்கு இது நல்ல செய்தி. ஆனா ஓடாத வாரத்தை வரி வந்து ஓட்டாது.

நாம என்ன பண்ணலாம்?

மூணு விஷயம் சொல்றேன். ஒண்ணு, பக்கத்துத் தியேட்டர்னா கவுன்ட்டர்லயே டிக்கெட் எடுங்க, சேவைக் கட்டணம் மிச்சம். ரெண்டு, வெளிச் சாப்பாட்டைத் தடுக்க தியேட்டருக்கு உரிமை இருக்குன்னு உச்ச நீதிமன்றம் 2023-ல் சொல்லிடுச்சு, ஆனா குடிதண்ணி இலவசமா கொடுத்தே ஆகணும்னும் சொல்லியிருக்கு. தண்ணி பாட்டிலுக்குக் காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி, எங்கே குழாய் இருக்குன்னு தைரியமா கேளுங்க. மூணு, பிடிச்ச படத்தை இரண்டாவது வாரம் போய்ப் பாருங்க. ஸ்பாய்லர் பயம் எனக்கும் புரியுது. ஆனா உங்க 150 ரூபாயில் உங்க ஏரியா தியேட்டருக்கு அதிகமாகப் போய்ச் சேர்றது அந்த வாரம்தான்.

உங்க ஏரியாவில் மூடின தியேட்டர் எது, இப்போ அந்த இடத்தில் என்ன இருக்கு? ஒரு நிமிஷ வாய்ஸ் நோட்டா அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல சேர்த்துக்கலாம்.