முழங்கால் வலிக்கு லேசர்: பணம் கட்டும் முன் படியுங்கள்!

மாடிப்படி ஏறும்போது கை தானாகக் கைப்பிடியைத் தேடுகிறதா? தரையில் உட்கார்ந்தால் எழுந்திருப்பதற்குள் 'அம்மாடி' என்று ஆகிவிடுகிறதா? உடனே யாராவது, "லேசர் வெச்சுக்கோங்க, சரியாயிடும்" என்பார்கள். சரியாகுமா? பார்ப்போம்.

இது ஆபரேஷன் லேசர் இல்லை, பயம் வேண்டாம். குறைந்த சக்தி லேசர். தோலை வெட்டாது, வலிக்காது. 1967-ல் ஹங்கேரி டாக்டர் எண்ட்ரே மெஸ்டர், எலிகளின் முதுகை மழித்து லேசர் ஒளியைப் பாய்ச்சினார். அந்த இடத்தில் முடி வேகமாக வளர்ந்தது. அங்கே ஆரம்பித்த கதைதான் இது.

வலி குறையுமா?

2019-ல் 22 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். சரியான அலைநீளத்தில், போதுமான அளவு ஒளி கிடைத்தவர்களுக்கு வலி குறைந்திருந்தது. ஆனால், இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டி அமைப்பான 'நைஸ்', ஆதாரம் போதாது, லேசர் தர வேண்டாம் என்று 2022-ல் சொல்லிவிட்டது. ஆகவே, 'பலன் கிடைக்கலாம்' என்பதுதான் நியாயமான பதில்.

ஒன்று நிச்சயம். தேய்ந்த குருத்தெலும்பை லேசர் புதிதாக்கும் என்பதற்கு நிரூபணம் இல்லை. "மூட்டு புதுசாயிடும், ஆபரேஷனே தேவைப்படாது" என்று யாராவது பேக்கேஜ் விற்றால், எழுந்து வந்துவிடுங்கள்!

நீங்கள் செய்ய வேண்டியது

லேசரால் வலி குறைந்தால், அந்த நாட்களை வீணாக்காதீர்கள். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும்வரை நிறுத்தி, மெதுவாக இறக்குங்கள். காலுக்குப் பத்து முறை. தொடைத் தசை பலப்பட்டால்தான் மூட்டுக்குத் துணை. எடை அதிகமா? ஒரு கிலோ குறைத்தால், நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் முழங்காலுக்கு ஏறக்குறைய நான்கு கிலோ பாரம் குறையும். இதற்குச் செலவே இல்லையே!

லேசர் வைக்கும்போது கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். புற்றுநோய் இருந்தாலோ, கர்ப்பமாக இருந்தாலோ முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முழங்கால் திடீரென்று சிவந்து வீங்கி, காய்ச்சலும் வந்தால் லேசர் எல்லாம் அப்புறம். அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.