எலும்பு லாக்கரில்... நகல் உங்கள் லேப்டாப்பில்! ஆய்வை மாற்றும் 3டி ஸ்கேன் பகிர்வு

தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் அருகே உள்ள ரைசிங் ஸ்டார் குகையில் 2013, 2014-ல் 1,550-க்கும் மேற்பட்ட எலும்பு, பல் துண்டுகள் கிடைத்தன. 2015 செப்டம்பரில் அவை 'ஹோமோ நலேடி' என்ற புதிய இனமாக அறிவிக்கப்பட்டன. நமக்குத் தூரத்துச் சொந்தம்!

ஆனால், அசரவைத்தது இன்னொரு விஷயம். அறிவிப்போடு சேர்த்தே முக்கிய எலும்புகளின் 3டி ஸ்கேன்களும் 'மார்ஃபோசோர்ஸ்' தளத்தில் இலவசமாக வெளியாகின. 3டி பிரின்டர் இருந்தால், நகலை யார் வேண்டுமானாலும் கையில் எடுத்துப் பார்க்கலாம்.

இதில் என்ன பெரிய விஷயம்?

பழைய வழக்கம் வேறு. கண்டெடுத்த குழுவே வருடக்கணக்கில் எலும்புகளை வைத்திருக்கும். மத்தவங்க பார்க்கணும்னா அனுமதிக் கடிதம், விசா, விமான டிக்கெட்... அப்புறம்தான் அளவெடுக்கவே முடியும். காசில்லாத மாணவருக்கு அந்த வாய்ப்பே கிடையாது. அதைவிட முக்கியம், கண்டுபிடித்தவர் சொல்வது சரியா என்று சோதிக்க வெளியாட்களுக்கு வழியிருக்காது.

ஸ்கேன் எப்படி எடுக்கிறார்கள்?

இரண்டு வழிகள். ஒன்று, லேசர் அல்லது ஒளியால் பொருளின் மேற்பரப்பை அளப்பது. லட்சக்கணக்கான புள்ளிகளைச் சின்னச் சின்ன முக்கோணங்களாக இணைத்தால் வடிவம் தயார். இன்னொன்று, ஆஸ்பத்திரியில் எடுக்கும் அதே சிடி ஸ்கேன். இது உள்ளேயும் காட்டும்.

'ஓவெர்ட்' என்ற திட்டத்தில் 2017 முதல் 2023 வரை, அமெரிக்காவின் 18 நிறுவனங்கள் 13,000-க்கும் மேற்பட்ட விலங்கு மாதிரிகளை இப்படி ஸ்கேன் செய்தன. உடலைக் கீறாமலேயே ஒரு ரகசியம் வெளிவந்தது. ஆப்பிரிக்க முள் எலிகளின் வாலில், தோலுக்கடியில் எலும்புத் தகடுகள்! இன்று வாழும் பாலூட்டிகளில் அர்மடில்லோவுக்கு மட்டுமே இவை உண்டு என்றுதான் அதுவரை நம்பினார்கள்.

எல்லாமே திறந்திருக்கிறதா?

இல்லை. பெர்லினில் உள்ள எகிப்திய அரசி நெஃபர்டிட்டி சிலையின் ஸ்கேனைக் கேட்டு, காஸ்மோ வென்மேன் என்ற அமெரிக்கக் கலைஞர் தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே சுமார் 3 ஆண்டுகள் போராடினார். 2019-ல் கோப்பு கிடைத்தது. ஆனால், வணிகப் பயன்பாட்டைத் தடுக்கும் உரிமம் அதன் அடிப்பகுதியில் பொறிக்கப்பட்டிருந்தது. எனவே டவுன்லோடு செய்யும் முன் உரிமத்தைப் பாருங்கள். 'சிசி0' என்றால் நிபந்தனை இல்லை. 'சிசி பை' என்றால் உரியவர் பெயரைக் குறிப்பிட வேண்டும்.

ஸ்கேன் இருந்தா அசல் எதுக்கு?

எடை, டிஎன்ஏ, உள்ளிருக்கும் வேதிப்பொருள் எல்லாம் அசலில்தான். ஆனால், அசலுக்கும் ஆபத்து வரும். 2018 செப்டம்பரில் பிரேசிலின் ரியோவில் தேசிய அருங்காட்சியகம் எரிந்தது. சாம்பலானவற்றில், முன்பே ஸ்கேன் எடுத்தவற்றின் வடிவமாவது மிஞ்சியது. மற்றவற்றுக்கு அதுவும் இல்லை.