மண்டையைத் திறக்காமலே மூளைக்கு ஒரு வரைபடம்

மூளையில் கட்டி என்றதும் குடும்பத்தார் முதலில் கேட்பது, "உயிருக்கு ஆபத்தா?" என்பதுதான். அடுத்த கேள்வி, "அறுவை சிகிச்சைக்குப் பின் கை, கால் விளங்குமா?" இந்த இரண்டாவது கேள்விக்கு விடை காண உதவுகிறது காந்தத் தூண்டல் முறை.

உடல் அசைவுக்கு ஆணையிடும் பகுதி மூளையின் மேற்பரப்பில் ஒரு பட்டைபோல் அமைந்துள்ளது. வலது கையை இயக்குவது இடப்பக்க மூளை. கட்டி வளரும்போது இப்பகுதி இடம் மாறக்கூடும். ஆகவே, பொதுவான படத்தை மட்டும் நம்பிக் கத்தி வைக்க முடியாது.

1930-களில் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் டாக்டர் வைல்டர் பென்ஃபீல்ட், நோயாளி விழித்திருக்கும்போதே மண்டையோட்டைத் திறந்து, மெல்லிய மின்சாரம் செலுத்தி இப்பகுதிகளைக் கண்டறிந்தார். 1985-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் அந்தோணி பார்க்கரும் அவர்தம் குழுவினரும், மண்டையைத் திறக்காமல் காந்தத்தாலேயே கையை அசைய வைத்தனர்.

தலையருகே கம்பிச் சுருள் ஒன்றை வைத்து, கண்ணிமைக்கும் நேரத்திற்கும் குறைவாகக் காந்தத் துடிப்பைச் செலுத்துவார்கள். அது எலும்பைக் கடந்து மூளையில் சிறு மின்னோட்டத்தை உண்டாக்கும். உடனே விரல் துள்ளும். தசைமீது ஒட்டிய மின்முனை அதைப் பதிவு செய்யும். சுருளை நகர்த்த நகர்த்த, நோயாளியின் எம்.ஆர்.ஐ. படத்தில் புள்ளிகள் சேர்ந்து வரைபடமாகும்.

பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள், தலைக்குள் உலோகம் உள்ளவர்கள், வலிப்பு நோய் உள்ளவர்கள் இதனை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

கட்டி எவ்வளவு பெரிது என்று கேட்பதோடு, அசைவுப் பகுதிக்கு எவ்வளவு அருகில் உள்ளது என்றும் மருத்துவரிடம் கேளுங்கள்.