காலி பாட்டிலுக்குப் பத்து ரூபாய்: கொல்கத்தாவுக்கும் வேண்டும்

கொல்கத்தாவின் கிழக்கு ஓரத்தில், தாபா குப்பைமேட்டுக்கு அருகிலேயே, நகரத்தின் சாக்கடை நீரில் மீன் வளர்க்கும் ஏரிகள் இருக்கின்றன. 2002-இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற ஈரநிலம் அது. ஊர்க் குப்பையில் விலை போகும் பாட்டிலைத் தெருவிலேயே பழைய பொருள் வாங்கும் பிக்ரிவாலா வாங்கிவிடுகிறார். விலை போகாதது கால்வாய்க்கும் தாபாவுக்கும் போகிறது. அதற்கும் ஒரு விலை வைத்தால் என்ன?

நீலகிரியில் வைத்துப் பார்த்துவிட்டார்கள். காட்டில் வீசப்பட்ட மது பாட்டில்கள் உடைந்து யானைகளின் காலைக் கிழிக்கின்றன என்ற வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டது. 2022 மே மாதம் முதல் அங்குள்ள டாஸ்மாக் கடைகள் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பித் தந்தால் அதைத் திருப்பிக் கொடுத்தன. பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட பாட்டில்கள் திரும்பி வந்தன. குடித்தவர் வீசிவிட்டுப் போனாலும் வேறொருவர் பொறுக்கிக் கொண்டுவந்து காசாக்கினார். ஊர் ஊராக விழிப்புணர்வுப் பலகை வைத்தும் நடக்காதது இது.

திட்டம் பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் வந்தது. கேரளம் 2025-இல் இருபது ரூபாய் வைத்துத் தொடங்கியது. ஆனால் ஸ்டிக்கர் ஒட்டுவது, காலி பாட்டிலை அடுக்கி வைப்பது எல்லாம் கடை ஊழியர் தலையில்தான் விழுந்தது. இடமும் ஆளும் தராமல் வேலையை மட்டும் ஏற்றியதை எதிர்த்து அவர்கள் போராடியது நியாயமே.

தொகையும் ஒரே இடத்தில் நிற்கக் கூடாது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 1971-இல் ஐந்து சென்ட் என்று சட்டம் போட்டது. விலைவாசி ஏற ஏற ஐந்து சென்டை யாரும் மதிக்கவில்லை. எனவே சட்டத்தை மாற்றி, தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் 80 சதவீதத்துக்குக் குறைவாகத் திரும்பினால் தொகை தானாகவே இரட்டிப்பாகும் என்று எழுதினார்கள். 2017-இல் அது பத்து சென்ட் ஆனது. நம் பத்து ரூபாய்க்கும் அப்படி ஒரு விதி இப்போதே தேவை.

மேற்கு வங்கத்தில் மதுவின் மொத்த விற்பனை மாநிலக் கழகத்தின் கையில் இருக்கிறது. கிடங்கிலிருந்து சரக்கு புறப்படும்போதே வைப்புத்தொகையைச் சேர்த்துவிடலாம். சில்லறைக் கடைகள் தனியாருடையவை என்பதால், பாட்டிலைத் திருப்பி வாங்கும் வேலைக்குக் கமிஷன் கொடுக்க வேண்டும். பிக்ரிவாலாக்களையும் அடையாள அட்டை கொடுத்துச் சேகரிப்பாளர்களாகச் சேர்த்தாக வேண்டும். அவர்களை விட்டுவிட்டுப் போடும் சட்டம் அவர்கள் பிழைப்பில்தான் கை வைக்கும்.