நாடற்றவனுக்கு எந்த மன்றம்?

'நாடற்றவர்' என்னும் சொல் ஈழத்தில் சட்டத்தின் வயிற்றிற் பிறந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், மலையகத் தோட்டங்களை உழைத்து வளர்த்த தமிழருட் பெரும்பாலோரை அந்நியராக்கியது. அதே ஆண்டிலேதான் பாலத்தீன மக்களுட் பல இலட்சம் பேர் ஊரிழந்து ஓடினர். அவர்கள் ஊரை விட்டு நாடிழந்தனர். நம்மவரோ இருந்த இடத்தில் இருந்துகொண்டே நாடிழந்தனர்.

நாயாற்றில் வாழும் எனக்கு இது தொலைவூர்க் கதையன்று. 1958, 1977 ஆகிய ஆண்டுகளின் கலவரங்களுக்குப் பின் மலையக மக்கள் பலர் வன்னியில் தஞ்சம் புகுந்தனர். எங்களூருக்குத் தென்மேற்கே கென்ற் பண்ணை, டொலர் பண்ணை ஆகிய இடங்களில் குடியமர்ந்த மலையகக் குடும்பங்கள் 1984இல் வெளியேற்றப்பட்டன. காணியுறுதியும் குடியுரிமைச் சான்றும் இல்லாத ஏழை எந்த நீதிமன்றத்தின் படியேறுவான்?

படியேறியவரும் உண்டு. வாக்காளர் இடாப்பிலே தம் பெயர் சேர்க்கப்படாமையை எதிர்த்துக் கோடாக்கன்பிள்ளை என்பவர் வழக்காடினார். முதல் விசாரணையில் வென்றார். உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். 1953இல் இலண்டன் கோமறைக் கழகமும் அவரைக் கைவிட்டது. சிறுபான்மையோருக்கு அரண் என நம்பப்பட்ட சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு அவரைக் காக்கவில்லை. தன் குடிகள் யாவர் என வரையறுப்பது சட்டமன்றத்தின் உரிமை என்பதே தீர்ப்பின் சாரம். அச்சட்டமன்றத்துக்கு உறுப்பினரைத் தெரியும் உரிமையோ அவருக்கில்லை!

பாலத்தீனர் நிலையும் இத்தகையதே. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை, ஐக்கிய நாடுகளின் வேறோர் அமைப்பிடம் உதவி பெறுவோரைத் தன் காப்புக்குப் புறத்தே நிறுத்தியது. 1949இல் அமைந்த நிவாரண நிறுவனம் அவர்களுக்கு உணவும் பள்ளியும் மருந்தும் அளித்தது. உரிமைக்காக வழக்காடும் துணையை அளிப்பது அதன் முதன்மைப் பணியாக இருக்கவில்லை.

1964இல் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 9,75,000 மக்களைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சியோரின் விதி பின்னைக்கென ஒத்திவைக்கப்பட்டது. யாரிடமும் விருப்பம் கேட்காத பங்கீடு அது. எஞ்சி நின்ற நாடற்றோருக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் குடியுரிமை அளித்தது.

பறித்ததைச் சட்டமே திருப்பித்தர ஐம்பத்தைந்து ஆண்டுகள் சென்றன. அதற்குள் மாண்டவருக்கு அது வந்து சேரவில்லை. நீதி என்பது தீர்ப்பிலே மட்டும் இல்லை, 'நீ யார்?' என்று கேட்காமல் வாயிலைத் திறப்பதிலும் இருக்கிறது.